சமையல் முடிந்த பிறகும் சுற்றும் விசிறி

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு நின்றுபோனது. வீட்டுக்காரி பாலைக் காய்ச்ச வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் அடுப்பில் விளக்கே எரியவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தியும் அசைவு இல்லை.

"போட்டுவிட்டு மறந்திருப்பாய். சூடேறி உள்ளே வெந்து போயிருக்கும்" என்று நான் சொல்லிவிட்டேன்.

அப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பால் பொங்கி கேஸ் அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் கசிந்துகொண்டிருந்தது. நான் பத்திரிகையோடு திண்ணையில் இருந்ததால் வாடை தெரிந்து ஓடினேன். அந்தச் செய்தி மகன் காதுக்குப் போய், அடுத்த வாரமே இண்டக்‌ஷன் அடுப்பு வந்து இறங்கியது. "இது தானாகவே நின்றுவிடும் அப்பா, பயமே இல்லை" என்றான். அன்றிலிருந்து வீட்டில் எது கெட்டாலும் அவள் மறதிதான் காரணம் என்று எனக்குள் ஓர் எண்ணம் உட்கார்ந்துவிட்டது. அவளும் பதில் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அடுப்பைச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு குலசேகரத்துக்குப் பஸ் ஏறினேன். பழுது பார்க்கிற பையன் நாலு திருகைக் கழற்றி, மேல் கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்தான். உள்ளே பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி இது:

"சாரே, சமையல் முடிஞ்ச ஒடனே செவத்துல உள்ள சுவிச்ச அணைச்சிருவியளோ?"

"ஆமாம். கரண்ட் வீணாகக் கூடாது இல்லையா? நான்தான் போய் அணைப்பேன்."

"அணைக்கப்பிடாது சாரே. அந்த ஃபேன் தானா நின்ன பெறவுதான் அணைக்கணும்."

முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். மாலையில் எல்லோரும் போன பிறகு விளக்கையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டு வருவது என் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. அந்த நல்ல பழக்கம்தான் அடுப்புக்கு எமனாக வந்தது என்று அந்தப் பையன் சொன்னபோது, இந்த அடுப்புக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. தேடிப் படித்ததில் பல பழைய பெயர்கள் எதிரே வந்து நின்றன. அந்தக் கதைதான் இது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இயற்பியல் வகுப்பில் 'கூரான் த ஃபூக்கோ' என்று ஒரு பாடம் உண்டு. ஃபூக்கோவின் மின்னோட்டம் என்று பொருள். ஆங்கில வழியில் படித்தவர்கள் இதை எடி கரண்ட் என்பார்கள். தமிழ்ப் பாடநூலில் சுழல் மின்னோட்டம். பரீட்சைக்குப் படித்தேன், மறந்தேன். அது என் வீட்டுச் சமையலறையில் தினமும் மூன்று வேளை ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எழுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

லெயோன் ஃபூக்கோ பாரீஸ்காரர். 1851இல் பாந்தியோன் கட்டடத்தின் கூரையிலிருந்து நீண்ட ஊசலைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதை மக்கள் கண்ணால் காணும்படி செய்தவர். 1855இல் அவர் இன்னொரு சோதனை செய்தார். ஒரு செம்புத் தகட்டைச் சுழலவிட்டு, அதன் விளிம்பை வலுவான மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே வைத்தார். எதுவும் தொடாமலேயே தகடு சுழலத் திணறியது. வலிந்து சுற்றியபோது தகடு சூடானது. காந்தப்புலம் உலோகத்துக்குள் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த ஓட்டம் உலோகத்துக்குள்ளேயே சுழன்று சூடாகிறது. இவ்வளவுதான் இண்டக்‌ஷன் அடுப்பின் மூலம். அடுப்பு சுடுவதில்லை, பாத்திரம்தான் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறது. கண்ணாடி சுடுவதுகூடப் பாத்திரத்தின் சூட்டால்தான்.

ஃபூக்கோவுக்கும் முன்னவர் இங்கிலாந்தின் மைக்கேல் ஃபாரடே. மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைத் தூண்டும் என்று அவர் கண்டது 1831இல். இரண்டு வருடம் கழித்து 1833இல் அவரே இன்னொன்றையும் கவனித்தார். பொதுவாக உலோகம் சூடானால் மின்சாரத்தை அதிகம் தடுக்கும். வெள்ளி சல்பைடு என்ற பொருளோ சூடானால் குறைவாகத் தடுத்தது. அப்போது அதனால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. இன்று அந்தக் குணம் உள்ள சிறு மணிக்குத் தெர்மிஸ்டர் என்று பெயர். இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடிக்கு நேர் கீழே, நடுவில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுப்பைச் சுட வைக்கிற விதியும், சூடு மிஞ்சாமல் காக்கிற விதியும் ஒரே மனிதர் இரண்டு வருட இடைவெளியில் கண்டவை.

காவல் என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. டெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியில் மூடி இறுகிய ஒரு பானையைக் காட்டினார். நீராவியை உள்ளேயே அடைத்து எலும்பைக்கூட மெதுவாக வேகவைக்கும் பானை. நம் பிரஷர் குக்கரின் பாட்டன். அடைத்த நீராவி வெடிக்கும் என்பதால், எடை தொங்கவிட்ட நெம்புகோலால் அழுத்திய ஒரு வால்வை அதில் வைத்தார். அழுத்தம் மிஞ்சினால் எடையைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. அதற்கு நூறு வருடம் கழித்து, 1788இல், ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தில் இரண்டு குண்டுகள் சுழலும் கவர்னரை வைத்தார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து ஆவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழ்ந்து ஆவியைக் கூட்டும்.

மின்சாரத்துக்கும் அப்படி ஒரு காவல் வந்தது. 1847இல் லூயி பிரெகே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், தந்தி நிலையத்துக்குள் வரும் கம்பியில் ஒரு துண்டு மெல்லிய கம்பியைச் சேர்க்கச் சொன்னார். இடி இறங்கினால் மெல்லிய கம்பி உருகி அறுந்துபோகும், உள்ளே இருக்கும் கருவி தப்பும். நம் வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, கம்பி சுற்றிப் போட்டவர்கள் எத்தனை பேர்! மெல்லிய கம்பி அடிக்கடி போகிறதே என்று தடிமனான கம்பியைச் சுற்றி, விசிறியையும் மோட்டாரையும் எரித்தவர்களும் உண்டு. அதாவது காவல்காரன் அடிக்கடி சத்தம் போடுகிறான் என்று அவன் வாயைக் கட்டிவிட்டோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபடியும் வரும்.

சமையலறைக்குள் தானியங்கிக் கட்டுப்பாடு புகுந்த கதையில் ஜப்பானுக்கு ஓர் இடம் உண்டு. 1955இல் தோஷிபா நிறுவனம் விற்பனைக்கு விட்ட மின்சார அரிசிக் குக்கர், சோறு வெந்ததும் தானாக நின்றது. வெளிப்பாத்திரத்துத் தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். இரட்டை உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். அதே 1950களில் அமெரிக்காவில் இண்டக்‌ஷன் அடுப்பைப் பொருட்காட்சியில் காட்டினார்கள். அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே செய்தித்தாளை வைத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள்; தாள் எரியவில்லை. பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள், வாங்கத்தான் வழியில்லை. 1970களின் முதல் பாதியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் விற்ற அடுப்பின் விலை, பாத்திரங்களோடு சேர்த்து, 1500 டாலர்.

விலைக்குக் காரணம் உள்ளே இருக்கும் மின்னணு. சுவரில் வரும் மின்சாரம் வினாடிக்கு 50 தடவைதான் திசை மாறி மாறி ஓடும். பாத்திரத்தை நன்றாகச் சூடாக்க அது போதாது. அதனால் அடுப்பு அந்த மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, வினாடிக்கு 20,000 தடவைக்கு மேல் வெட்டி வெட்டிச் செம்புச் சுருளுக்கு அனுப்புகிறது. அவ்வளவு வேகமாக, அவ்வளவு பெரிய மின்னோட்டத்தை வெட்டி ஒட்டும் சுவிட்ச்தான் ஐ.ஜி.பி.டி. என்ற சில்லு. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. பழுதாகிற அடுப்புகளில் பெரும்பாலும் உயிர் விடுவதும் இதுதான். என் அடுப்பிலும் அதுதான் போயிருந்தது.

இந்தச் சில்லை உருவாக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜெயந்த் பாலிகா. 1948இல் சென்னையில் பிறந்தவர். கிண்டி ஐ.ஐ.டி.யில் 1969இல் பட்டம் பெற்று அமெரிக்கா போனார். அங்கே ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்தபோது 1980களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். இன்று மின்சார ரயில், காற்றாலை, மின்கார் எல்லாவற்றிலும் இந்தச் சுவிட்ச் இருக்கிறது. அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம், 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு ஆகியவை அவருக்குக் கிடைத்தன. ஏறக்குறைய என் வயதுக்காரர். நான் சம்பளப் பட்டியலில் கூட்டல் சரிபார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் உலகத்தின் மின்சாரக் கணக்கையே மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

நம் ஊர்களில் இந்த அடுப்பு பரவலாக நுழைந்தது 2012 வாக்கில். அந்த வருடம் செப்டம்பரில் மானிய விலை சிலிண்டர் ஆண்டுக்கு ஆறுதான் என்று அரசு அறிவித்தது. பிறகு அது 9 ஆகி, 12 ஆனது. பயந்துபோன குடும்பங்கள் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கின. அதே வருடம்தான் தமிழ்நாட்டில் பல மணி நேர மின்வெட்டும். சிலிண்டர் இல்லை என்று அடுப்பு வாங்கினால், அடுப்புக்குக் கரண்ட் இல்லை. பலர் அதைப் பரணில் ஏற்றினார்கள்.

இனி அடுப்பைக் காக்கும் காவல்காரர்களைப் பார்ப்போம். பழுது பார்க்கும் பையன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியதை என் பாஷையில் சொல்கிறேன்.

முதலாவது, பாத்திரத்தைப் பார்க்கும் காவல். இரும்புச் சத்துள்ள பாத்திரம் மேலே இருந்தால்தான் அடுப்பு வேலை செய்யும். உருளியோ, அலுமினியச் சருவமோ, மீன்கறி வைக்கும் மண்சட்டியோ வைத்தால் சத்தம் எழுப்பி நின்றுவிடும். பாத்திரம் மாறினால் சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் போக்கு மாறும். அதை வைத்துக் கண்டுகொள்கிறது. இரண்டாவது, நான் முன்னே சொன்ன ஃபாரடேயின் மணி. கண்ணாடிக்குக் கீழே இருந்துகொண்டு, வெறும் பாத்திரம் காய்ந்தால் உடனே தகவல் சொல்லும். மூன்றாவதும் அதே மாதிரி மணிதான், ஆனால் இருப்பது ஐ.ஜி.பி.டி. சில்லைத் திருகி வைத்திருக்கும் அலுமினியத் துண்டின் மேல். சில்லின் சூட்டை அது பார்க்கும். உள்ளே இருக்கும் சிலிக்கான் 150 முதல் 175 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு வெகு முன்பே அடுப்பு சக்தியைக் குறைக்கும், அல்லது நிறுத்திவிடும். நான்காவது, மின்னழுத்தம் மிகவும் குறைந்தாலும் கூடினாலும் வேலையை நிறுத்தும் காவல். ஐந்தாவது, திடீரென்று பாயும் மின்னழுத்தத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் என்ற வட்டத் தகடும், அதனோடு சேர்ந்த ஃபியூஸும். அந்தக் கடைசி இரண்டும் உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பவை.

இத்தனைக்கும் நடுவில் இருப்பதுதான் விசிறி. சமையல் முடிந்து பொத்தானை அழுத்தினால் அடுப்பு நின்றுவிடும். விசிறி மட்டும் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ சுற்றும். மேலே சுட்ட பாத்திரம், அதன் கீழே சுட்ட கண்ணாடி, அதன் கீழே சுட்ட செம்புச் சுருள். அந்தச் சூடெல்லாம் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் கீழே இறங்கும். அதை வெளியே தள்ளத்தான் அந்த விசிறி. அதிகாரி வீட்டுக்குப் போன பிறகும் இருந்து, கணக்கை முடித்து, பீரோவைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகும் குமாஸ்தாவைப் போல. நானோ அந்தக் குமாஸ்தாவைத் தினமும் மூன்று வேளை பாதி வேலையில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் செய்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு வருடம் செய்தால், உள்ளே எல்லாம் வாடி வதங்கி, அடுத்த அடி விழும்போது தாங்காது.

அந்த அடி எங்கள் ஊரில் வெளியிலிருந்து தாராளமாக வரும். பேச்சிப்பாறைக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். அணைக்கு மேலே மலையில் கோதையாறு நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. 1970இல் முதல் நிலையம், 60 மெகாவாட். அடுத்த வருடம் இரண்டாவது, 40 மெகாவாட். வாட் வைத்த குண்டுகளின் பேரப்பிள்ளையான கவர்னர்தான் அங்கேயும் டர்பைனுக்குப் போகும் தண்ணீரைத் தேவைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கிறது. மின்சாரம் பிறக்கும் மலையின் அடிவாரத்தில் இருக்கிறோம். ஆனாலும் அது நேராக நம் வீட்டுக்கு வருவதில்லை. பெரிய வலைப்பின்னலில் கலந்து, சுற்றி வந்து, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நீண்டு போகும் கம்பியின் கடைசியில் நமக்குக் கிடைக்கிறது. காற்றடித்தால் ரப்பர் கிளை கம்பியில் சாயும். சில வேளை நியூட்ரல் கம்பி அறும். அப்போது ஒரு வீட்டில் விளக்கு மங்கும், பக்கத்து வீட்டில் கண் கூசும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் முந்நூறுக்கு மேலும் போகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்ததில் மாவட்டம் முழுவதும் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கே உள்ளவர்களுக்குக் காவல் என்பது புதிய சங்கதி அல்ல. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த அணை நம்முடையது. அதைக் கட்டிய மிஞ்சின் என்ற ஐரோப்பியப் பொறியாளர் அணைக்குப் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். 48 அடி முழு அளவு. அந்த அளவு வரும்வரை காத்திருக்காமல், சில அடி முன்பே மறுகாலைத் திறந்து உபரித் தண்ணீரை விடுகிறார்கள். மழை நின்ற உடனே மறுகாலை மூடுவதும் இல்லை. மழை நின்றாலும் மலையிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்குமே! அடுப்பின் விசிறியும் அதே கணக்குதான். அணையில் மனிதன் கண் விழித்துப் பார்க்கிறான். அடுப்பில் ஒரு மிளகளவு மணி பார்க்கிறது. அந்த மணிக்கும் விசிறிக்கும் வேலை செய்ய மின்சாரம் வேண்டும். அதை நாமே பிடுங்கிவிட்டால், எத்தனை ஃபாரடே வந்தாலும் காப்பாற்ற முடியாது. தடிமனான ஃபியூஸ் கம்பி சுற்றிய அதே தவறுதான் இது.

என் வயதுக்காரர்களுக்காகச் சில வரிகள். பொத்தானால் அடுப்பை நிறுத்துங்கள். விசிறி தானாக நின்ற பிறகே சுவர் சுவிட்சை அணையுங்கள். அதன் பிறகு அணைப்பது நல்லதுதான், இடி மின்னல் நாளில் பிளக்கையே கழற்றி வைத்துவிடுங்கள். விளக்கு மங்கியும் பளிச்சென்றும் மாறி மாறி எரிந்தால் அன்று இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம். அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், அடியில் துணியோ செய்தித்தாளோ விரிக்காதீர்கள். காற்று உள்ளே போகும் வழி பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது. கரப்பானும் பல்லியும் குளிருக்கு உள்ளே புகும், சமையல் முடிந்து ஆறிய பின் மூடி வையுங்கள். அடுப்பு எழுத்துக் காட்டிச் சத்தம் போட்டால் திட்டாதீர்கள். அது கெட்டுப் போகவில்லை, கெட்டுப் போகாமல் இருக்கப் பார்க்கிறது.

பையன் புதுச் சில்லும் ஃபியூஸும் போட்டு, விசிறியில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக் கொடுத்தான். அவனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "பாலை வைத்துவிட்டு மறந்துபோனால் இப்படி ஆகுமா?"

"மறந்தா அது தானே நின்னுக்கிடும் சாரே. அதுக்குத்தானே உள்ள இவ்ளவு சாதனம் வச்சிருக்கு" என்றான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் அடுப்பு இருந்தது. அதைவிடப் பாரமாக வேறொன்றும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன்: "தப்பு உன் பேரில் இல்லை. நான் சுவிட்சை அணைத்து அணைத்துத்தான் போயிருக்கிறது."

அவள் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும். ஃபேன் சுத்திட்டு இருக்கும்போதே வந்து அணைப்பிய. பாவம் அது ஓடட்டும்னு ரெண்டு மட்டம் சொன்னேன். கேட்டியளா?"

கேட்கவில்லை. இப்போது அந்தச் சத்தம் நிற்கும்வரை நான் சுவிட்ச் பக்கம் போவதில்லை.